நாலு மீட்டர் கயிறு

வனிதா: பள்ளியிலிருந்து வந்த சீட்டைப் பார்த்தீர்களா? வரும் வியாழக்கிழமை நான்காம் வகுப்பைப் பூங்காவுக்கு இயற்கைப் பாடத்துக்கு அழைத்துப் போகிறார்களாம், அரை நாள். நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

சேகர்: போன வருடம் என் பெரியவனும் இப்படித்தான் போய்விட்டு வந்தான். நாற்பது பிள்ளைகள் வரிசையாக நடக்க, முன்னால் ஒருவர் மரத்தின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போக, கடைசியில் நின்றவனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கையில் ஒரு தாள் வேறு, இருபது பெயரை நிரப்ப வேண்டும். முன்னால் இருந்தவனைப் பார்த்து எழுதி முடித்துவிட்டான். ஒரு நாள் பாடம் போனதுதான் மிச்சம்.

பாலா: காப்பியடித்தாலும் நல்ல காற்றில் அடித்திருக்கிறான் அண்ணா 😄

ஃபாத்திமா: எனக்கு வேறு கவலை. மகளுக்கு இழுப்பு உண்டு. புல், மகரந்தம், அப்புறம் குளவி வேறு. அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

வனிதா: கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? சீட்டில் அதைத் தவிர எல்லாம் இருக்கிறது.

ராஜம் டீச்சர்: இருக்கிறது வனிதா, குளத்துக்குப் போகும் வழியில். இறங்கியதும் முதலில் அங்கேதான் அழைத்துப் போவோம், இல்லையென்றால் பாதியில் ஒவ்வொருவராகக் கை தூக்குவார்கள்.

சேகர் சொல்வது நியாயம்தான். வேலையில் இருந்தபோது நானும் அப்படித்தான் அழைத்துப் போயிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெற்றபின் இந்தப் பூங்காவில் பள்ளிக் குழுக்களுக்கு உதவப் போகிறேன் இல்லையா, அங்கே ஒரு நாள் நல்ல மழை பிடித்துக்கொண்டது. நடை ரத்து. கூரைக்கடியில் ஒதுங்கி நின்ற பிள்ளைகள் ஓரமாகக் கிடந்த மட்கிய கட்டையைப் புரட்டிவிட்டார்கள். மழை நின்றும் ஒருவரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அடியில் மரவட்டை ஒன்று, பூரான் ஒன்று, வெள்ளை நூல்போல் காளான் இழைகள். இரண்டுக்கும் நிறையக் கால், அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு பெண் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, எண்ணிப் பார் என்றேன் (பூரானைத் தொடாமல், அது கடிக்கும்). மரவட்டைக்கு ஒரு வளையத்துக்கு நாலு கால், பூரானுக்கு ஒரு வளையத்துக்கு இரண்டு கால் மட்டும்தான் என்று அவளே கண்டுபிடித்தாள். நான் அதைக் கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப் போட்டிருப்பேன், ஒரு பிள்ளையாவது நினைவில் வைத்திருக்குமா தெரியவில்லை.

பாலா: கட்டையைப் புரட்டுவதற்கு ஒரு பட்டப்படிப்பு வைக்கலாம் டீச்சர்.

ராஜம் டீச்சர்: வைக்கலாம். புரட்டுவதை விடத் திரும்ப வைப்பதுதான் கஷ்டம். அடியில் இருப்பதெல்லாம் ஈரத்தையும் இருட்டையும் நம்பி வாழ்கிறவை, கட்டையைப் பழைய குழியிலேயே மெதுவாகப் பொருத்தாவிட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். புரட்டும்போது நம் பக்கமாகத்தான் தூக்க வேண்டும். ஏதாவது இருந்தால் அந்தப் பக்கமாக ஓடிவிடும்.

ஃபாத்திமா: இதைப் படித்தபின் இன்னும் பயமாக இருக்கிறது டீச்சர் 🙈

ராஜம் டீச்சர்: இன்ஹேலரைப் பேருந்துப் பையில் வைக்காமல், அவள் குழுவோடு நடக்கப்போகிறவர் கையில் கொடு. எப்போது, எத்தனை முறை என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு ஒட்டிவிடு. அப்புறம் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, நான் சொன்னேன் என்று மட்டும் அனுப்பாதே.

சேகர்: எல்லாம் சரி டீச்சர், இதனால் மதிப்பெண் வருமா?

தேவி: நான் கண்ணாடிக்குப் பார்வை சோதிக்கிற வேலையில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன் அண்ணா. சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்த பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். அதற்காக ஒரு வியாழக்கிழமை போய்வந்தால் கண்ணாடி கழன்றுவிடாது, அது தினமும் நடந்தது. ஆனால் வெளியில் போகிற நேரமெல்லாம் வீண் என்று சொல்லாதீர்கள்.

சேகர்: சரி சரி. இந்த முறையும் அந்தத் தாளை நிரப்பச் சொல்வார்களா?

ராஜம் டீச்சர்: தாள் இல்லை, வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிட்டேன். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், நாலு குச்சி, நாலு மீட்டர் கயிறு. குச்சியை ஊன்றிக் கயிற்றைச் சுற்றினால் பக்கத்துக்கு ஒரு மீட்டர் சதுரம் வரும். அரை மணி நேரம் அதற்குள் மட்டும் பார்க்க வேண்டும், எத்தனை விதச் செடி, எத்தனை விதப் பூச்சி. அப்புறம் அதே சதுரத்தை ஆட்கள் மிதிக்கும் பாதை ஓரத்தில் போட்டுப் பார்ப்போம். மிதிபட்டு இறுகின மண்ணில் என்ன குறைகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

போன மாதம் வந்த ஒரு பையன் இலையில் வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து போவதைக் காட்டினான். இலைக்குள் புழு தின்றுகொண்டே போன சுரங்கப் பாதை. ஒரு முனையில் நூல் மாதிரி, மறு முனையில் அகலம். எங்கே பிறந்தது, எங்கே முடித்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘தின்னத் தின்ன பெருசாயிருக்கு, அதான் பாதையும் பெருசு’ என்றான். அந்தப் புழுவின் பெயர் எனக்கே தெரியாது.

வனிதா: குளத்துக்கும் போவார்களா? அதுதான் எனக்குத் திக்கென்கிறது.

ராஜம் டீச்சர்: கரையில் யாரும் நிற்கக் கூடாது, முட்டி போட்டு உட்கார்ந்துதான் வலையை விட வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு குழு மட்டும். அள்ளியதை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடுவோம். அடிச்சேற்றில் சிவப்பாகப் புழு வரும், அது கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் புழு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற சிவப்புப் பொருள் அதன் உடம்பிலும் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். தட்டான் பூச்சியும் சின்ன வயதில் தண்ணீருக்குள்தான் இருக்கும். பின்பக்கம் வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடும், துரத்தினால் அதே தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு முன்னால் பாயும்.

பாலா: நான்காம் வகுப்புக்கு இதைச் சொல்லிவிட்டு மறுபடி அமைதிப்படுத்தவே அரை நாள் போய்விடும் 🤣

ராஜம் டீச்சர்: அதனால்தான் அதைக் கடைசியில் சொல்வோம். இன்னும் மூன்று பெரியவர்கள் குறைகிறார்கள். யாராவது வருகிறீர்களா?

தேவி: எனக்கு வியாழன் வேலை இல்லை, வருகிறேன்.

ஃபாத்திமா: நானும் வருகிறேன். அவள் குழுவில் இல்லாமல் பக்கத்துக் குழுவில் போடுங்கள், என்னைப் பார்த்தால் ஒட்டிக்கொள்வாள்.

சேகர்: எனக்கு ஒரு மரத்தின் பெயர்கூடத் தெரியாதே.

ராஜம் டீச்சர்: அப்படிப்பட்டவர்தான் வேண்டும். பெயர் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார், பிள்ளை அதோடு பார்ப்பதை நிறுத்திவிடும். நீங்கள் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர்களோடு குனிந்து பாருங்கள், அது போதும். முழுக்கைச் சட்டை, மூடின காலணி, பழைய துணி. பிள்ளைகளுக்கும் அப்படியே.

வனிதா: என்னிடம் துணி காயப்போடுகிற கயிறு பழையது நிறைய இருக்கிறது. எட்டுக் குழுவுக்கு 32 மீட்டர், சரிதானே? நாலு நாலாக வெட்டி வைக்கிறேன்.

ராஜம் டீச்சர்: முடிச்சுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சாண் கூட விடு.

சேகர்: (இரவு 8.40) டீச்சர், சின்னவன் இந்தக் குழுவில் நடந்ததையெல்லாம் என் கைப்பேசியில் படித்துவிட்டு மாடியில் பூந்தொட்டியை நகர்த்திவிட்டான். அடியில் ஒன்று இருக்கிறது. வளையத்துக்கு இரண்டு காலா நாலு காலா என்று டார்ச் அடித்துக் குனிந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம், எண்ண விடாமல் ஓடுகிறது.

ராஜம் டீச்சர்: ஓடுகிறதென்றால் பூரான். கையை எடுங்கள் இரண்டு பேரும்.