தற்காலிகக் கடினத்தன்மையை நீக்கச் சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் கூடாதா?

குரூப் 4 தேர்வர்:
நீரின் கடினத்தன்மைக்கு (சோப்பு நுரைக்காமல் போவதற்கு) காரணமே கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான். அப்படியிருக்க, பைகார்பனேட் உப்புகளால் வரும் தற்காலிகக் கடினத்தன்மையை நீக்க நீற்றுச் சுண்ணாம்பு சேர்க்கச் சொல்கிறார்கள். அதுவும் கால்சியம்தானே? அப்புறம் ஒரு கணக்கு: 1 லிட்டர் நீரில் கால்சியம் பைகார்பனேட் 162 மி.கி., கால்சியம் குளோரைடு 111 மி.கி., சோடியம் குளோரைடு 117 மி.கி. மொத்தக் கடினத்தன்மை எவ்வளவு என்பது கேள்வி. கூட்டினால் 390. விடைக்குறிப்பில் 200 என்று இருக்கிறது. எப்படி?

வேதியியல் வாத்தியார்:
நியாயமான சந்தேகம். கால்சியம் கூடத்தான் செய்கிறது, ஆனால் கரைந்து நிற்பதில்லை. சுண்ணாம்பு, பைகார்பனேட்டைக் கார்பனேட்டாக மாற்றிவிடும். கால்சியம் கார்பனேட் நீரில் கரைவது வெகு சொற்பம். அதனால் ஏற்கெனவே இருந்த கால்சியம், நாம் போட்ட கால்சியம் இரண்டுமே வெள்ளையாக அடியில் படிந்துவிடும். வடிகட்டினால் போதும்.

அளவில்தான் கவனம் வேண்டும். 162 மி.கி.க்கு 74 மி.கி. சுண்ணாம்பு. அதற்கு மேல் போட்டால் மிஞ்சியது கரைந்தே நிற்கும், கடினத்தன்மை திரும்பிவிடும். மெக்னீசியம் பைகார்பனேட்டுக்கு மட்டும் ஒரு மோலுக்கு (மூலக்கூறு நிறையளவு கிராம்) இரண்டு மோல் சுண்ணாம்பு. மெக்னீசியம் கார்பனேட் ஓரளவு கரையக்கூடியது. ஹைட்ராக்சைடாக மாற்றினால்தான் படியும்.

மோல் கணக்கு:
எந்த உப்பானாலும் கால்சியம் கார்பனேட்டுக்கு மாற்றித்தான் கடினத்தன்மையைச் சொல்வார்கள். அதன் மூலக்கூறு நிறை 100.
162 × 100 ÷ 162 = 100 (தற்காலிகம்)
111 × 100 ÷ 111 = 100 (நிரந்தரம், அதாவது கொதிக்க வைத்தாலும் போகாதது)
சோடியம் குளோரைடு கணக்கிலேயே வராது, அது சோப்பைத் திரிக்காது. உப்புக் கரிக்கிற தண்ணீரெல்லாம் கடின நீர் இல்லை. ஆக, லிட்டருக்கு 200 மி.கி. இந்தியக் குடிநீர்த் தரநிலை (ஐ.எஸ். 10500) ஏற்கும் அளவும் இதேதான், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை.

குரூப் 4 தேர்வர்:
நன்றி சார். அந்த நிரந்தர 100க்குச் சமையல் சோடா போடலாமா?

வேதியியல் வாத்தியார்:
தேர்வில் வைக்கிற கண்ணியே இதுதான். சமையல் சோடா பைகார்பனேட். அதைப் போட்டாலும் கால்சியம் கரைந்தேதான் இருக்கும். பிறகு கொதிக்க வைத்தாக வேண்டும். சலவைச் சோடா கார்பனேட் என்பதால் நேராகவே படியவைக்கும். 111 மி.கி. கால்சியம் குளோரைடுக்கு நீரற்ற சோடா 106 மி.கி., பத்து நீர் மூலக்கூறு கொண்ட படிகச் சோடா என்றால் 286 மி.கி. வினாவில் எது கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். செய்முறையிலும் இது உதைக்கும்: திறந்து கிடந்த படிகம் ஒன்பது நீர் மூலக்கூறுகளை இழந்து மாவாகிவிடும். அதில் 124 மி.கி. போதும், 286 போட்டால் மிஞ்சிய சோடா நீரைக் காரமாக்கிவிடும்.