உப்புநீர் மீன்தொட்டியைத் தொடர்வதா, கைவிடுவதா?

சென்னை வேளச்சேரியில், பவளம் எதுவும் இல்லாமல் மீன்களை மட்டும் வைத்து 14 மாதங்களாக நடத்திவரும் உப்புநீர்த் தொட்டியை இனியும் தொடர்வதா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன்.

4 அடி நீளமுள்ள தொட்டி, ஏறத்தாழ 250 லிட்டர். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் உண்டு, நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லை. (விற்ற கடைக்காரர் அது தேவையே இல்லை என்றார்.) இப்போது இருப்பவை இரண்டு க்ளவுன் மீன்களும் ஒரு நீல டேம்சலும், மஞ்சள் டேங் ஏப்ரலில் இறந்துவிட்டது. பிற்பகலில் நீரின் வெப்பம் 32 டிகிரியைத் தொடுகிறது. மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட் 80 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 80 பங்கு) அளவிலிருந்து இறங்குவதில்லை. காலையில் விளக்கைப் போட்டால், பெரிய க்ளவுன் மீன் பாறை விளிம்பில் உடலை உரசிக்கொண்டு திரும்புகிறது. வால் துடுப்பில் தூள் உப்பைத் தெளித்தாற்போல் ஐந்தாறு வெண்புள்ளிகள்.

மேல்மூடியை எடுத்துவிட்டு மின்விசிறி வைத்ததில் வெப்பம் 29 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர் ஆவியாகி உப்படர்த்தி ஏறியதால், ஆர்.ஓ. நீரை அன்றாடம் ஊற்றி ஒப்படர்த்தியை 1.024இல் நிறுத்த வேண்டியிருக்கிறது. வாரம் 20 விழுக்காடு நீரை மாற்றுகிறேன், தீனியையும் குறைத்துவிட்டேன். வெண்புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கொல்ல, மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றி 30 நாள் செம்பு மருந்து கொடுத்தேன். பெரிய தொட்டி அதுவரை மீனின்றி இருந்தும், திரும்ப விட்ட மூன்றாம் வாரமே புள்ளிகள் வந்துவிட்டன. பாறைகள் செம்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பெரிய தொட்டியில் மருந்தை ஊற்றவில்லை.

சில்லர் வாங்காமல், இந்த மூன்று மீன்களோடு இத்தொட்டியைச் சென்னைக் கோடையில் நலமாக நடத்த வழி உண்டா, அல்லது மீன்களை அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நன்னீருக்கு மாறுவதுதான் சரியா?