கோரலைட்டுக்குத் தமிழ்ச் சொல்: குழியா, கிண்ணமா, சிமிழா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சிறிய பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக, பெயர் தெரியாத பவளத்தை இனம் காணும் குறிப்பேடு ஒன்று தமிழில் தயாராகிறது. ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. கல் பவளத்தில் ஒவ்வொரு பாலிப்பும் தனக்கென்று சுண்ணாம்பில் ஓர் உறை கட்டிக்கொள்கிறது. அந்த உறைதான் கோரலைட். பாலிப் மெத்தென்ற உயிர், கோரலைட் அது உட்கார்ந்திருக்கும் கெட்டியான இடம்.

இந்தச் சொல் இல்லாமல் குறிப்பேடு நகராது. நிறத்தை நம்பி இனம் சொல்ல முடியாது. நைட்ரேட் ஏறினாலோ வெளிச்சம் குறைந்தாலோ அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் ஊதாவாக இருந்தாலும் சில வாரங்களில் பழுப்பாகிவிடும். நீர் ஓட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பக் கிளையும் தட்டுமாக வடிவமும் மாறும். கோரலைட்டின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

இப்போதைக்குப் 'பவளக்குழி' என்று எழுதியிருக்கிறேன். மாற்று உண்டா?

———

> இப்போதைக்குப் 'பவளக்குழி' என்று எழுதியிருக்கிறேன்

குழி வேண்டாம் ஐயா. இரண்டு காரணம். பாடநூல்களில் 'குழியுடலிகள்' என்று ஒரு தொகுதிக்கே பெயர் இருக்கிறது. அதில் வரும் குழி விலங்கின் உடற்குழி. நீங்கள் சொல்வது எலும்பின் பகுதி. படிக்கிறவர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்.

அடுத்து, எல்லாக் கோரலைட்டும் குழியாக இருப்பதில்லை. கலாக்சியா என்ற பவளத்தில் அவை குழாய் குழாயாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அக்ரோபோராவிலும் அப்படித்தான். துருத்திக்கொண்டிருப்பதைக் காட்டிக் குழி என்றால் யார் ஒப்புவார்? 'பவளக்கிண்ணம்' என்று வைக்கலாம். வாய் திறந்த பாத்திரம், எந்த ஊரிலும் புரியும்.

———

கிண்ணம் புரியும், ஆனால் டர்பினேரியாவில் இடிக்கும். அந்தப் பவளத்தின் முழுத் திரளே கிண்ணம் போல வளர்கிறது. கடைக்காரர்கள் அதைக் கப் கோரல் என்றுதான் விற்கிறார்கள். "இந்தக் கிண்ணத்தில் நூறு கிண்ணங்கள்" என்று எழுத வேண்டி வரும்.

என் பரிந்துரை 'சிமிழ்'. குங்குமச் சிமிழ் எல்லோருக்கும் தெரியும்: சிறியது, சுவர் உள்ளது, உள்ளே ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பது. குழிந்திருந்தாலும் துருத்தியிருந்தாலும் சிமிழ் சிமிழ்தான். 'பவள' என்ற முன்னொட்டும் வேண்டாம். பழந்தமிழில் துகிர் என்றும் பவளம் என்றும் சொன்ன நகைச் சிவப்புப் பவளம் எட்டு உணர்கொம்புக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதில் இந்த உறையே கிடையாது. பவளம் என்ற பெயருக்கு முதல் உரிமை உள்ளதற்கே இல்லாத உறுப்பைப் 'பவளச்சிமிழ்' என்பானேன்?

———

சிமிழுக்கு மூடி உண்டே?

———

> சிமிழுக்கு மூடி உண்டே?

உண்டு. பாலிப் உள்ளே சுருங்கும்போது சதையே வாயை மூடிக்கொள்கிறது, அதுவே மூடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைவிட முக்கியமான சோதனை, சொல் கூட்டுச்சொல்லில் தாங்குகிறதா என்பது. குறிப்பேட்டில் வரப்போகும் இடங்களில் போட்டுப் பார்த்தேன்.

அக்ரோபோராவா மான்டிபோராவா என்ற கேள்விதான் தொட்டிக்காரர்களிடம் அதிகம். அக்ரோபோராவில் ஒவ்வொரு கிளையின் முனையிலும் பெரிதாக ஒரு சிமிழ் இருக்கும், பக்கங்களில் சிறியவை. முனையில் இருப்பது நுனிச்சிமிழ், மற்றவை பக்கச்சிமிழ். கிளைவிட்ட மான்டிபோராவில் நுனிச்சிமிழ் இல்லை. சிமிழ்கள் மிகச் சிறியவை, இடைத்தளத்தில் புதைந்திருக்கும். இடைத்தளம் என்று நான் சொல்வது இரண்டு சிமிழுக்கு நடுவில் நிரம்பியிருக்கும் சுண்ணாம்பை.

அடுத்தது உருண்டைப் பவளங்கள். கடையில் ஃபேவியா என்று கொடுப்பது பெரும்பாலும் டிப்சாஸ்ட்ரேயா அல்லது ஃபேவைட்டிஸ். 2012-இல் வகைப்பாட்டைத் திருத்தியபோது ஃபேவியா என்ற பெயரை அட்லாண்டிக் இனங்களோடு நிறுத்திவிட்டார்கள். டிப்சாஸ்ட்ரேயாவில் ஒவ்வொரு சிமிழுக்கும் தனிச்சுவர், இரு சுவருக்கும் நடுவே ஒரு பள்ளம் தெரியும். ஃபேவைட்டிஸில் தேனடை மாதிரி பொதுச்சுவர். தனிச்சுவர்ச் சிமிழ், பொதுச்சுவர்ச் சிமிழ் என்று தடங்கல் இல்லாமல் வருகிறது. ஓர் எச்சரிக்கை: துண்டின் ஓரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வளரும் விளிம்பில் சிமிழ்கள் நெருக்கியடித்துப் பிரிந்துகொண்டிருக்கும், தனிச்சுவரும் பொதுச்சுவர் போலத் தெரியும். திரளின் நடுவில் பாருங்கள்.

குழியையும் கிண்ணத்தையும் இதே இடங்களில் போட்டுப் பாருங்கள். 'நுனிக்குழி' என்றால் நுனியில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது.

———

சிமிழுக்கு என் வாக்கு. ஆனால் அதைப் பார்ப்பது எப்படி என்றும் குறிப்பேட்டில் போட்டாக வேண்டும். சதை உப்பியிருக்கும்போது சிமிழ் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு படம் தேவை, ஒன்று சுருங்கிய நிலையில், ஒன்று விரிந்த நிலையில். பம்பை 10 நிமிடம் நிறுத்துங்கள். நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கை மட்டும் வையுங்கள். நீல ஒளியில் சதை மின்னுவதால் சுவரின் எல்லை கரைந்துபோகும். கேமராவைக் கண்ணாடிக்கு நேர்செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் சிமிழின் வடிவம் கோணலாகும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து எடுத்தால்தான் 1 மி.மீ. சிமிழா 10 மி.மீ. சிமிழா என்று மற்றவர்களால் சொல்ல முடியும். டிப்சாஸ்ட்ரேயா போன்றவை இரவில் உணர்கொம்பு நீட்டுபவை, பகலிலேயே சுவர் தெரியும். கோனியோபோரா பகலெல்லாம் விரிந்தே இருக்கும். பிப்பெட்டால் மெல்ல நீரைப் பீச்சினால் உள்ளே போகும்.

விரிந்த படத்தில் உணர்கொம்பை எண்ணுங்கள். கோனியோபோராவுக்கு 24, அல்வியோபோராவுக்கு 12. இரண்டும் பூங்கொத்துப் போல ஒன்றாகவே தெரியும். எண்ணினால் சந்தேகமே வராது. இறகு போல் ஓரம் வெட்டிய 8 கொம்பு என்றால் அது கல் பவளமே இல்லை, சிமிழைத் தேட வேண்டாம்.

தவறாகச் சொன்னால் என்ன நடக்கும்? ஃபேவைட்டிஸை டிப்சாஸ்ட்ரேயா என்றால் ஒன்றும் குடிமுழுகாது. கலாக்சியாவைச் சாதுவான பவளம் என்று நினைத்து வைத்தால் முழுகும். அதன் தாக்குக் கொம்புகள் சுமார் 30 செ.மீ. வரை நீளக்கூடியவை. 60 செ.மீ. தொட்டியில் அது பாதித் தொட்டி. இரவில் அண்டையில் இருப்பதையெல்லாம் சுட்டுவிடும்.

சிமிழே இல்லாத பட்டன் பவளங்களில் பாலிதோவாவுக்குத் தனிக் கட்டம் கட்டுங்கள். தோலில் மணல் பொதிந்து சொரசொரப்பாக இருக்கும், சோவாந்தஸில் மணல் இராது. பாலிடாக்சின் என்ற கடும் நச்சு பாலிதோவாவில் இருக்கலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. அது ஒட்டிய கல்லைக் கொதிக்கவைக்கவே கூடாது, ஆவியில் நச்சு பரவும்.

———

நன்றி. சிமிழ் என்றே வைத்துக்கொள்கிறேன். உள்ளே ஆரம் ஆரமாக நிற்கும் தகடுகளுக்கு 'ஆரத்தகடு', நடுவில் எழும்புவதற்கு 'நடுத்தண்டு', யூஃபில்லியா போலத் தனித்தனிக் குழாயாக நிற்பவற்றுக்குத் 'தண்டுச்சிமிழ்'.

பிளாட்டிகைரா என்ற பவளம் மட்டும் பாக்கி. அதில் வாய்கள் பிரிந்துகொண்டே போகும், நடுவே சுவர் எழும்பாது. அதனால் பல வாய்கள் ஒரே நீண்ட பள்ளத்தில் வரிசையாக உட்கார்ந்துவிடுகின்றன. இதை 'நீள்சிமிழ்' என்பதா?

———

வேண்டாம். உழவர் சொல் இருக்கிறதே. பள்ளம் 'சால்', சாலுக்கு நடுவில் எழும் சுவர் 'வரப்பு'. "சால் 5 மி.மீ. அகலம், வரப்பு கூர்மை" என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. மாதிரிப் படத்துக்காக மன்னார் வளைகுடாவில் துண்டு எடுக்கலாமா என்று ஒருவர் தனி மடலில் கேட்டார். கூடாது. 1972 வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் இருக்கின்றன.

———

சால், வரப்பு இரண்டும் சேர்த்தாயிற்று. உழவில் வரப்பு வயலுக்கு எல்லை, சாலுக்கு இடையே இருப்பதில்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வேறு சொல் கையிலிருந்தால் கொண்டுவரட்டும்.