'பிரீஎம்ப்ஷன்' என்பதற்கு 'இடங்கோள்': அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு வழக்குகளை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டைச் சீர்திருத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு உரியதா, நாட்டின் பொது அரசுக்கு உரியதா என்ற பூசலைத் தமிழில் எழுத முற்படுகிறவர் எவரும் முதற்பத்தியிலேயே இடறும் சொல் 'பிரீஎம்ப்ஷன்'; அதாவது, ஒரு பொருளில் நாட்டின் பொதுச் சட்டம் நிற்பதால் மாநிலச் சட்டத்துக்கு அங்கே வேலையில்லாமற் போவது. இதற்கு இவ்விழையில் முன்கொள்ளல், மேலோங்கல், செல்லாதாக்கல் என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் சிந்தித்துச் சொல்லப்பட்டவையே என்றாலும், அந்த வழக்குகளில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதோடு வைத்துப் பார்க்கும்போது மூன்றுமே எங்கோ ஓரிடத்தில் வழுக்குகின்றன. ஆகவே 'இடங்கோள்' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

அதற்கு முன் 'ஃபெடரல்' என்பதைத் தீர்த்துவிடலாம். 'கூட்டாட்சி' என்பது ஆட்சிமுறையின் பெயர். 'கூட்டாட்சி சட்டம் இயற்றியது' என்றால் முறையே சட்டம் இயற்றியதாக ஆகிவிடுகிறது. 'மத்திய', 'ஒன்றிய' என்ற சொற்களோ நம் ஊர் அரசியலின் சூட்டோடு வருபவை. இலங்கையில் வழங்கும் 'சமஷ்டி'யும் முறையைத்தான் குறிக்கிறது. மலேசியத் தமிழர் கோலாலம்பூரைக் 'கூட்டரசுப் பிரதேசம்' என்று நெடுநாளாக எழுதிவருகிறார்கள். அந்தக் 'கூட்டரசு' நமக்குப் போதும். இக்கடிதம் முழுவதும் அதையே ஆள்கிறேன்.

இனி தலைச்சொல். 'முன்கொள்ளல்' சொற்பிறப்பை அப்படியே பின்பற்றுகிறது. இலத்தீனில் அதன் பொருள் 'முந்தி வாங்குதல்'. நிலச் சட்டத்தில் இன்றும் அண்டை நிலத்தாருக்கோ பங்காளிக்கோ உள்ள முதல் வாங்குரிமையை அச்சொல் குறிக்கிறது. காப்பீட்டு வழக்கில் அதைப் பயன்படுத்தினால், நம் வழக்கறிஞர்களுக்கு வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, இங்கே 'முன்' என்பதற்கு வேலையே இல்லை என்பது. மாநிலச் சட்டம் முந்தி வந்து, கூட்டரசுச் சட்டம் பிந்தி வந்தாலும் விளைவு ஒன்றுதான்.

இதற்கு ஹவாயைவிடத் தெளிவான சான்று இல்லை. வாரத்தில் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யும் பணியாளருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்ற சட்டத்தை அத்தீவு மாநிலம் 1974ஆம் ஆண்டு நடுவில் இயற்றியது. நாட்டில் அத்தகைய சட்டம் அதுவே முதல். பணியாளரிடமிருந்து ஊதியத்தில் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்ற வரம்பும் அதில் இருந்தது. சில மாதங்கள் கழித்து, அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், பணியாளர் ஓய்வுக்கால வருவாய்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். ஆங்கில முதலெழுத்துகளால் 'எரிசா' எனப்படும் அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் ஓய்வூதிய நிதிகளைக் காப்பது. எனினும் அதன் 514ஆம் பிரிவு, பணியாளர் நலத் திட்டங்களோடு 'தொடர்புடைய' மாநிலச் சட்டங்கள் அனைத்துக்கும் மேலாக எரிசாவே நிற்கும் என்று கூறிவிட்டது. நலத் திட்டம் என்பதில் முதலாளி தரும் மருத்துவக் காப்பீடும் அடங்கும். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் தொடுத்த வழக்கில் ஹவாய்ச் சட்டம் நிற்காது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் மறு ஆண்டு அதை உறுதிசெய்தது. முந்தி வந்தது மாநிலம், இடத்தைப் பெற்றது கூட்டரசு. இதை 'முன்கொள்ளல்' என்று எழுதினால் படிப்பவருக்கு யார் முந்தினார் என்பதே குழம்பிவிடும்.

'மேலோங்கல்' இதனினும் நல்ல சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு சட்டங்கள் மோதும்போது கூட்டரசுச் சட்டமே வெல்லும் என்னும் அரசமைப்பின் ஆறாம் உறுப்பை விளக்க அது போதும். ஆனால் மேலோங்குவதற்குக் கீழே ஒன்று இருக்கவேண்டும். இரண்டும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவேண்டும். எரிசாவின் வியப்பு, அது பேசாமலே தடுத்தது என்பதில் இருக்கிறது. முதலாளியின் மருத்துவத் திட்டம் எந்தெந்த நோய்க்குப் பணம் தரவேண்டும், யார் யாரைச் சேர்க்கவேண்டும் என்று 1974இல் அச்சட்டம் ஒரு வரியும் சொல்லவில்லை. தானும் சொல்லவில்லை, மாநிலம் சொல்லவும் விடவில்லை. நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தை அறியாதவர் இக்குழுவில் இருக்கமாட்டார். துண்டுக்காரர் ஏறி உட்கார்ந்தால் அது ஒருவகை நியாயம். அவர் வராமல் துண்டு மட்டும் கடைசி நிறுத்தம்வரை பயணம் செய்ய, மற்றவர்கள் நின்றுகொண்டே வந்தால் எப்படியோ, அப்படித்தான், முதலாளியே தன் நிதியிலிருந்து மருத்துவச் செலவைத் தரும் சொந்தநிதித் திட்டங்களின் பொருளில் மாநிலங்கள் பல்லாண்டுகள் நின்றன. பிற்காலக் கூட்டரசுச் சட்டங்கள், குறிப்பாக 'ஒபாமாகேர்' எனப்படும் 2010இன் நலச் சீர்திருத்தச் சட்டம், அந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியைத்தான் நிரப்பின. துண்டு மேலோங்கியது என்று யாரும் சொல்வதில்லை. இடம் பிடித்தது என்கிறோம்.

'செல்லாதாக்கல்' பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அது விளைவின் பெயர்; அதுவும் முழு விளைவின் பெயரன்று. மாநிலச் சட்டம் சட்டப் புத்தகத்தில் இருந்துகொண்டே சிலருக்குச் செல்லும், சிலருக்குச் செல்லாது என்ற நிலைதான் காப்பீட்டு வழக்குகளில் மிகுதி. மனநல மருத்துவத்துக்கு இன்ன அளவேனும் காப்பீடு இருக்கவேண்டும் என்ற மாசசூசெட்ஸ் சட்டத்தை 1985இல் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தபோது, காப்பீட்டு நிறுவனத்திடம் காப்பீடு வாங்கித் தரும் முதலாளியின் திட்டத்தை அச்சட்டம் கட்டும் என்றும், தன் சொந்த நிதியிலிருந்து மருத்துவச் செலவைத் தரும் முதலாளியின் திட்டத்தைக் கட்டாது என்றும் தெளிவாயிற்று. ஒரே தெருவில், ஒரே காப்பீட்டு நிறுவனத்தின் முத்திரை பொறித்த அட்டையை வைத்திருக்கும் இருவரில் ஒருவருக்கு மாநிலச் சட்டம் உண்டு, மற்றவருக்கு இல்லை. முதலாளி வழியாகக் காப்பீடு பெறும் பணியாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று சொந்தநிதித் திட்டங்களில்தான் இருக்கிறார்கள் என்பதால், இது விளிம்பில் நடக்கும் விந்தையன்று.

ஆகவே நமக்குத் தேவைப்படுவது, அதிகாரத்தை ஓர் இடமாகக் கண்டு, அந்த இடத்தை ஒருவர் எடுத்துக்கொள்வதால் மற்றவருக்கு அங்கே இடமில்லாமற் போவதைச் சொல்லும் சொல். 'இடங்கொள்' என்னும் வினை தமிழில் புதிதன்று. உள்ளத்தில் இடங்கொண்டவன் என்று இறைவனைப் பாடிய மொழி இது. 'கொள்' முதனிலை திரிந்து 'கோள்' ஆவது குறிக்கோள், எடுகோள் ஆகியவற்றில் பழகியதுதான். 'மேற்கோள்' என்பது வேறு வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் அதையே பரிந்துரைத்திருப்பேன். என்ன செய்வது, அது இரட்டைக் குறிகளுக்குள் குடியேறிவிட்டது.

சொல் நல்லதா என்பதை அதன் கிளைகளை வைத்துத்தான் பார்க்கவேண்டும். சட்டமே வாய்விட்டுச் சொல்வது வெளிப்படை இடங்கோள். சொல்லாமல் பெறப்படுவது உட்கிடை இடங்கோள். ஒரு துறை முழுவதையும் கூட்டரசு எடுத்துக்கொள்வது முழுப்புல இடங்கோள். இரண்டு சட்டங்களுக்கும் ஒருசேரக் கீழ்ப்படிய முடியாமலோ, ஒன்று மற்றதன் நோக்கத்துக்குக் குறுக்கே நிற்பதாலோ நேர்வது முரண்வழி இடங்கோள். வினையாக, 'கூட்டரசுச் சட்டம் இங்கே இடங்கொள்கிறது' எனலாம். செயப்பாட்டு வினையைத் தேடி அலையாமல் 'மாநிலச் சட்டம் இடமிழக்கிறது' என்று எழுதலாம். 2010ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வகையானது: தன்னைச் செயற்படுத்துவதற்குத் தடையாக இல்லாத மாநிலச் சட்டத்தை அது தொடுவதில்லை. வயது மிகுந்தவரிடம் இளையவரைப்போல மூன்று மடங்குக்கு மேல் காப்பீட்டுக் கட்டணம் வாங்கக்கூடாது என்று அது வரம்பிட்டது. நியூயார்க்கும் வெர்மாண்ட்டும் வயதைப் பார்க்கவே கூடாது என்று இன்னும் இறுக்கமாக வைத்திருப்பதை அது விட்டுவைத்தது. இதைக் 'கீழ்வரம்பு இடங்கோள்' என்று சொன்னால் விளக்கவுரை வேண்டாம்.

என்னை உறுதிப்படுத்தியது இதன் மறுதலைதான். காப்பீடு மாநிலங்களுக்கிடையிலான வணிகமன்று என்று முக்கால் நூற்றாண்டு நிலவிய கொள்கையை 1944இல் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. அதனால் மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் அனைத்தும் ஆட்டங்கண்டன. மறு ஆண்டே மெக்காரன்–ஃபெர்குசன் சட்டத்தின் வழியாக நாடாளுமன்றம் ஒதுங்கிக்கொண்டது: காப்பீட்டுத் தொழிலைக் குறிப்பாகச் சுட்டி இயற்றப்படாத எந்தக் கூட்டரசுச் சட்டமும் மாநிலக் காப்பீட்டுச் சட்டத்தைக் குலைப்பதாகக் கொள்ளப்படாது. ஆங்கிலத்தில் இதற்கு 'தலைகீழ்' என்று முன்னொட்டுப் போடுகிறார்கள். தமிழில் தலைகீழாக நிற்கவேண்டியதில்லை; 'இடங்கொடை' என்றாலே போதும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்ற நம் பழமொழி இங்கே திரும்பிப் படிக்கப்படவேண்டியது: 1945இல் இடத்தைக் கொடுத்தவரே 1974இல் மடத்தின் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மாநிலச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதுவதைப் பற்றிய, நம் அரசமைப்பின் 254ஆம் உறுப்பு தொடர்பாக ஏற்கெனவே வழங்கும் 'முரண்' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அந்த உறுப்பு, மாநிலச் சட்டம் முரண்பட்டாலும் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்று அந்த மாநிலத்துக்குள் நிற்க வழிவைக்கிறது. 2017இல் சல்லிக்கட்டுச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது நாம் அதைக் கண்டோம். அமெரிக்காவில் அப்படி ஒரு வாயில் இல்லை. ஹவாய்க்குத் தேவைப்பட்டது அதிபரின் இசைவன்று. நாடாளுமன்றத்தின் புதிய சட்டம். 1983இல் அது கிடைத்தது, ஆனால் 1974 செப்டம்பர் 2ஆம் நாள் இருந்தபடியே இருக்கும் சட்டத்துக்கு மட்டும். அதற்குப் பின் ஹவாய் செய்யும் பெருந்திருத்தம் எதுவும் அந்த விலக்கின் நிழலில் வாராது. ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை ஆணியடித்து நிறுத்தியதுபோல ஆயிற்று. மேலும் நம் நாட்டில் காப்பீடு ஒன்றியப் பட்டியலின் 47ஆம் பதிவிலும் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலின் 6ஆம் பதிவிலும் கோடு கிழித்து வைக்கப்பட்டுள்ளன. அங்கே மாநிலத்துக்கெனப் பட்டியல் இல்லை. மிஞ்சியது மாநிலத்துக்கு என்ற பத்தாம் திருத்தமே உண்டு. எனவே 'முரண்' நம் உறுப்புக்கே இருக்கட்டும்.

சிக்கல் முழுதும் தீர்ந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். எரிசாவின் 514ஆம் பிரிவிலுள்ள 'தொடர்புடைய' என்ற அந்த ஒற்றைச் சொல்லின் எல்லை இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மருத்துவச் செலவுத் தரவுகளை எல்லாக் காப்பீட்டுத் திட்டங்களும் மாநிலத் தரவகத்துக்குத் தரவேண்டும் என்ற வெர்மாண்ட் சட்டம், நாடு முழுவதும் 80,000 பேருக்கு மேல் கொண்ட ஒரு சொந்தநிதித் திட்டத்தைக் கட்டாது என்று 2016இல் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருந்துக் கடைகளுக்கு, காப்பீட்டுத் திட்டங்களின் சார்பில் செயற்படும் இடைநிலை நிறுவனங்கள் தரும் விலையைக் கட்டுப்படுத்திய ஆர்கன்சா சட்டமோ 2020இல் ஒருமனதாகப் பிழைத்துக்கொண்டது. செலவைக் கூட்டுவது வேறு, திட்டத்தின் அமைப்பில் கைவைப்பது வேறு என்பது நீதிமன்றத்தின் பிரிப்பு. 'வெர்மாண்ட்டில் இடங்கோள் உண்டு, ஆர்கன்சாவில் இல்லை' என்று ஒரே வரியில் எழுத முடிவதை நான் சொல்லின் பலமாகவே காண்கிறேன்.

நலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1332ஆம் பிரிவு தரும் அனுமதியை இதோடு கலக்கவேண்டாம். காப்பீட்டின் நிறைவும் கட்டணத்தைத் தாங்கும் வசதியும் சேர்வோர் தொகையும் குறையாமலும், கூட்டரசின் பற்றாக்குறை கூடாமலும் இருந்தால், அச்சட்டத்தின் சில கூறுகளிலிருந்து மாநிலம் விலகிக்கொள்ளலாம் என்பது அது. அதற்கு 'விலக்களிப்பு' போதும். அந்த விலக்களிப்பு எரிசாவைத் தொடாது என்பதையும் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம். வருவாய் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கத்துக்கு உடன்படாத மாநிலத்தின் பழைய நிதியையும் பறிப்பது வற்புறுத்தல் என்ற 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பும் வேறு தலைப்பு. அது நிதி நிபந்தனை, இடங்கோள் அன்று.

எரிசாவின் இரண்டு துணைக் கூறுகள் மிஞ்சுகின்றன. காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டங்களை எரிசா தொடாது என்பது ஒன்று. அதற்கு 'விட்டுவைப்புக் கூறு' என்பதில் எனக்கு ஐயமில்லை. மற்றது, முதலாளியின் திட்டத்தையே ஒரு காப்பீட்டு நிறுவனமாகக் கருதி, அந்த வழியாக மாநிலம் உள்ளே வரக்கூடாது என்னும் கூறு. சொந்தநிதித் திட்டங்களுக்கு மதிலாக நிற்பது இதுதான். 'கருதல்' என்று எழுதினால் எண்ணுதல் என்ற பொருளே முந்திக்கொள்கிறது. பல்கலைக்கழகமல்லாத ஒன்றைப் பல்கலைக்கழகமாகக் கொள்வதை 'நிகர்நிலை' என்று நாம் ஏற்கெனவே வழங்குவதால், 'நிகர்நிலைத் தடைக் கூறு' என்று வரைந்து வைத்திருக்கிறேன். அச்சொல்லைக் கேட்டதும் கல்விக் கட்டணம் நினைவுக்கு வருவதைத் தவிர வேறு குறை எனக்குத் தென்படவில்லை. சட்டத் தமிழில் பழகியவர்கள் இதைவிடச் சுருக்கமான ஒன்றைச் சொன்னால் என் வரைவைத் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்