ஃப்ளோரிடா டிக்கெட் விவகாரம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மே மாதம் குடும்பத்தோடு ஆர்லண்டோவில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போகிறோம். ஃப்ளோரிடாவாசிகளுக்கு மட்டும் டிஸ்னி வேர்ல்டு தருகிற சலுகை டிக்கெட்டை, தன் முகவரியைக் கொடுத்து எங்கள் நால்வருக்கும் ஆசை ஆசையாக எடுத்துவிட்டார். கேட்டால், "யார் பார்க்கப்போகிறார்கள்?" என்கிறார்.

பார்ப்பார்கள் போலிருக்கிறதே! அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஃப்ளோரிடா ஓட்டுநர் உரிமம் போன்ற சான்றைக் காட்ட வேண்டுமாம். என்னிடம் இருப்பதோ வண்ணாரப்பேட்டை முகவரி போட்ட ஆதார். மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். அங்கே ஒரு வெள்ளைக்காரர் நம் வரிசையில் நின்றால் நாம் சும்மா இருப்போமா?

காசிமேட்டு வஞ்சிரத்தைக் கழுவிக்கொண்டே, "அண்ணன் விவரம் தெரியாமலா செய்வார்?" என்கிறாள் மனைவி. நான்தான் கெட்டவனாகிவிட்டேன்.

அங்கே போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: வித்தியாசத் தொகையைக் கட்டி இவற்றைச் சாதாரண டிக்கெட்டாக மாற்றித் தருவார்களா? பயணத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டுமா, வாசலில் கேட்டால் போதுமா? மச்சான் மனம் கோணாமல் இதைச் சொல்லும் வழி தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.