மாஸ்டர்ஸில் மெரிட் கைநழுவியவர்களுக்கு

பிரிட்டனுக்கு வந்து ஓராண்டு மாஸ்டர்ஸ் படித்து, மெரிட் வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்த நேரத்தில் வெறும் பாஸ் வாங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான் வந்தது. பகுதிநேரமாக வேலை பார்த்த கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று கைப்பேசியில் முடிவைத் திறந்தேன், 58.67 என்று இருந்தது. மெரிட்டுக்கு 60 வேண்டும். மொத்தம் 180 கிரெடிட்டில் (பாடங்களின் எடையைக் குறிக்கும் அலகு) 120-க்கு நான் எடுத்திருந்த சராசரி 61. மீதி 60 கிரெடிட் முழுவதும் ஆய்வேட்டுக்கு உரியது, அதில் கிடைத்தது 54.

முதலில் எண்களைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் 75-ஐத் தாண்டினால்தான் மதிப்பு என்று பழகிய கண்ணுக்கு 58 தோல்வியைப் போலத் தெரியும். இங்கே மாஸ்டர்ஸில் பொதுவாக 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். இளநிலையில் 70 ஃபர்ஸ்ட், 60 டூ-ஒன் (இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவு), 50 டூ-டூ (அதன் கீழ்ப்பிரிவு), 40 தேர்ட். (டூ-டூவை இங்குள்ள மாணவர்கள் ‘டெஸ்மண்ட்’ என்பார்கள், பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் பெயரை வைத்து வந்த கேலி அது.) பல துறைகளில் 80-க்கு மேல் மதிப்பெண் விழுவதே அபூர்வம்.

மேல்முறையீடு செய்யலாமா என்பதுதான் எல்லாருக்கும் அடுத்து எழும் கேள்வி. ‘என் ஆய்வேடு 54-க்கு மேல் தகும்’ என்பது காரணமாகாது. திருத்தியவரின் கல்விசார் தீர்ப்பை எதிர்த்து முறையிட இடமில்லை. கூட்டலில் பிழை, பல்கலைக்கழகம் தன் விதியையே பின்பற்றாமல் விட்டது, உடல்நலக் குறைவு போன்ற சூழலை உரிய நேரத்தில் தெரிவிக்க முடியாமல் போனதற்குத் தக்க காரணமும் சான்றும் இருப்பது, இவை போன்றவையே ஏற்கப்படும். ஆகவே அழுது முடித்த மறுநாளே உங்கள் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு விதிகளை எடுத்து, எல்லைக்குச் சற்றே குறைந்த விளிம்பு மதிப்பெண்ணுக்குச் சலுகை உண்டா, ஆய்வேட்டில் மட்டும் 60 எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று வரிவரியாகப் பாருங்கள். காலக்கெடு பெரும்பாலும் சில வாரங்கள்தான். மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவு கட்டணம் வாங்காமல் உங்கள் கடிதத்தைப் படித்துத் திருத்தித் தரும். நான் அங்கே போகாமல் ஆத்திரத்தில் நான்கு பக்கம் எழுதி அனுப்பி, இரண்டே வரியில் மறுப்பு வாங்கினேன். பல்கலைக்கழகத்துக்குள் எல்லா வழியும் முடிந்தபின், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் படித்தவர்கள் ஓஐஏ எனப்படும் சுயேச்சையான முறையீட்டு அமைப்பை, உள்முறையீடு முடிந்தது என்று பல்கலைக்கழகம் தரும் கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் அணுகலாம். அதுவும் இலவசம்தான், ஆனால் அவர்களும் மதிப்பெண்ணைத் திருத்தித் தர மாட்டார்கள்.

விசாவைப் பற்றிய பயம் தேவையற்றது. படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசாவுக்குப் பட்டம் முடித்திருக்க வேண்டுமே தவிர, என்ன வகுப்பு என்று அதில் கேட்பதில்லை. நீங்கள் முடித்துவிட்டதைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகு, மாணவர் விசா முடிவதற்குள், பிரிட்டனுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பதிலாக 18 மாதங்களே கிடைக்கும் என்பதால், கவலைப்பட வேண்டியது மெரிட்டைப் பற்றி அல்ல, நாட்களைப் பற்றி.

வேலை விண்ணப்பத்தில் பலர் தாங்களே குழி தோண்டிக்கொள்கிறார்கள். படிவத்தில் டூ-ஒன் கேட்டால் அது பெரும்பாலும் இளநிலைப் பட்டத்தைக் குறிக்கிறது. ஊரில் நன்றாகத் தேறியவர் தன் மாஸ்டர்ஸ் பாஸை நினைத்து அந்த இடத்திலேயே ஒதுங்கிவிடக் கூடாது. பிடபிள்யூசி என்ற பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனம் 2022-இல் அந்த நிபந்தனையையே கைவிட்டது. சி.வி.யில் வகுப்பைக் குறிப்பிடாமல், நல்ல மதிப்பெண் வாங்கிய மாட்யூல்களையும் செய்த புராஜெக்டையும் முன்னே வைக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நேரடியாகக் கேட்ட இடத்தில் 58.67-ஐ மெரிட் என்று எழுதிவிடாதீர்கள். இங்கே பட்டங்களைச் சரிபார்ப்பதற்கென்றே ஹெட் என்ற இணையச் சேவை இருக்கிறது, பாஸுக்குக் கிடைக்காமல் போகும் வேலையைவிடப் பொய்க்காகப் பறிபோகும் வேலை பெரிய இழப்பு. உதவித்தொகையுடன் பி.எச்.டி. செய்ய நினைத்தவர்களுக்கு மட்டும் இந்தப் பாஸ் உண்மையிலேயே தடையாகலாம். அவர்கள் ஓரிரு ஆண்டுகள் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்துவிட்டுப் போவது நடைமுறையில் உள்ள வழி.

வீட்டில் சொல்வதை நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் சொன்னபோது அம்மா, அங்கே எத்தனை எடுத்தால் பாஸ் என்று கேட்டார். ஐம்பது என்றேன். மறுநாள் பக்கத்து வீட்டில் யாரோ பர்சென்டேஜ் விசாரித்ததற்கு, ‘அந்த நாட்டுக் கணக்கே வேற’ என்று சொல்லிவிட்டு, ஊறப்போட்டிருந்த துணியைத் துவைக்கப் போய்விட்டாராம்.