பெரிய மீன் காட்சியகங்களில் கண்ணாடி ஏன் இல்லை?

கேள்வி: பார்வைச் சுவருக்கு அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக்கையே போடுகிறார்களே, ஏன்? அதன் தடிமனை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில் 1: கொள்ளளவை வைத்து அல்ல. நீரின் ஆழமும் பலகையின் நீள அகலமும்தான் கணக்கு. 10 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் அழுத்தம். ஜப்பானின் ஒகினாவாவிலுள்ள சுராவுமி மீன் காட்சியகத்தில் (2002-இல் திறந்தது) பலகை 8.2 மீட்டர் உயரம், 22.5 மீட்டர் அகலம், 60 செ.மீ. தடிமன். சாதாரணக் கண்ணாடி அந்தத் தடிமனில் பச்சையடித்துப் போகும், காரணம் அதிலுள்ள இரும்பு. அக்ரிலிக் தெளிவாகவே நிற்கும். துண்டுகளை இணைத்தாலும் ஒட்டு தெரியாது.

பதில் 2: சரி, ஆனால் அக்ரிலிக்கில் எளிதில் கீறல் விழும். ஆல்கஹால், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் பட்டால் மயிரிழை விரிசல்கள் விழும். துடைக்க வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

பதில் 3: சுவரைவிட நீரோட்டம் முக்கியம் என்பேன். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் முதல் பொது மீன் காட்சியகம் திறந்தது. தேங்கிய நீர் கலங்குவதுதான் அக்காலத் தொட்டிகளின் தீராத தொல்லை. பின்னர் மீன் காட்சியகங்களை வடிவமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் தரைக்கடியில் இருட்டான பெரிய நீர்த்தேக்கம் வைத்து, பம்பால் நீரைச் சுற்றவிட்டார். இருட்டில் பாசி வளராது, வெப்பமும் அதிகம் ஏறி இறங்காது. குழாயில் மட்டும் செம்பு, பித்தளை கூடவே கூடாது. கரைந்த செம்பு இறால், பவளம் போன்றவற்றைக் கொன்றுவிடும்.